கையுறையும் கடமையும்

2003ஆம் ஆண்டில் ஸார்ஸ் என்னும் கொடிய காய்ச்சல் சிங்கப்பூரை உலுக்கிய நாட்களை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டதே என்று நாம் கல்லாவைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அந்த வேளையில், இத்தீவில் நோய் கண்டவர் 238 பேர். மாண்டவர் 33 பேர். நோய் கண்டோரை வகை பிரித்து எண்ணினால், ஏறத்தாழ ஐவரில் இருவர் ஆஸ்பத்திரி ஊழியர்கள்! தாதிமார் சீருடையுடன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நகர்ந்ததும் அந்நாட்களில்தான். நோய் அடங்கியபின் அதே தாதிமாரை வீராங்கனைகள் என்று மாலையிட்டுப் புகழ்ந்தோம். ஒதுங்கியதும் நாமே, புகழ்ந்ததும் நாமே.

ஆயினும் சிங்கப்பூர் செல்வமுள்ள ஊர். முகக்கவசம் வந்தது, மேலங்கி வந்தது, ஸார்ஸ் நோயாளிகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியே ஒதுக்கப்பட்டது, ஊழியர்களின் உடற்சூடு நாள்தோறும் பார்க்கப்பட்டது. மே மாதம் முடியுமுன் நோய் ஓய்ந்தது. இந்த வசதிகள் எதுவும் இல்லாத ஊர்களில் என்ன நடக்கும்? கையுறை இல்லை, சவர்க்காரம் இல்லை, குழாயில் தண்ணீர்கூட இல்லை. வாசலில் தொற்று நோயாளி ஒருவர் கிடக்கிறார். தாதி அவரைத் தொட வேண்டுமா? தொட மறுத்தால் அவர் கடமை தவறியவரா?

இது டாக்டர்களின் விவகாரம், கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இதில் என்ன என்று அன்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கையுறை ஒரு சரக்கு. சரக்கு என்று வந்துவிட்டால் அதில் வியாபாரிக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

முதலில் யாம்புக்கு என்ற சிற்றூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று ஸயர் என்று வழங்கி இன்று கொங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் நாட்டின் வடபகுதியில் உள்ள ஊர் அது. அங்கே கிறிஸ்துவ கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பல மைல் தூரத்துக்கு வேறு கதியில்லாத ஏழை மக்கள் தினமும் நூற்றுக்கணக்கில் அங்கு வருவார்கள். வந்தவர்க்கெல்லாம் போட, காலையில் தாதியரிடம் கொடுக்கப்பட்ட ஊசிக் குழல்கள் எத்தனை தெரியுமா? ஐந்து! ஒருவருக்குப் போட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடுத்தவருக்குப் போடுவார்கள். 1976இல் இபோலா என்று பின்னர் பெயர் பெற்ற நோய் அவ்வூசிகளின் வழியே பரவியது. 318 பேரைப் பிடித்து 280 பேரைக் கொன்றது. ஆஸ்பத்திரி ஊழியர் 17 பேரில் 11 பேர் இறந்தனர். ஊழியம் செய்ய ஆளில்லாமல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. மூடியபின் நோயும் தணியத் தொடங்கியது. நோய் தீர்க்கக் கட்டிய இடமே நோய் பரப்பும் இடமாயிற்று. ஊழியர்களிடம் அன்பு குறைந்ததாலா அப்படி ஆயிற்று? இல்லை. ஆறாவது ஊசி இல்லாததால் ஆயிற்று.

இனி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். சியரா லியோன் சிறிய நாடு. மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அதன் கிழக்கே கெனிமா என்ற ஊரின் அரசாங்க ஆஸ்பத்திரியில், எலிகளால் பரவும் லாஸா என்ற காய்ச்சலுக்குத் தனி வார்டு ஒன்று இருந்தது. அதை நெடுங்காலம் நடத்திய டாக்டர் அனிரு கொன்டே, நோயாளிக்குப் போட்ட ஊசி தம் கையில் குத்தியதால் அதே லாஸாவுக்கு 2004இல் இரையானார். அந்த நாற்காலியில் யார் உட்காருவார்? டாக்டர் ஷேக் ஹுமார் கான் என்ற இளைஞர் வந்து உட்கார்ந்தார். 2014இல் இபோலா அந்நாட்டில் நுழைந்தபோது, அதை எதிர்த்து நிற்கும் முதல் வாசலாகக் கெனிமாவே இருந்தது. கான் அசட்டுத் துணிச்சல்காரர் அல்லர். தம் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டி, வார்டுக்குள் போகுமுன் காப்புடையில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கண்ணாடிக்குப் போலீஸ்காரர் என்று பெயரும் வைத்திருந்தார். அப்படிப்பட்டவரையும் நோய் பிடித்தது. 2014 ஜூலை 29ஆம் நாள், 39ஆம் வயதில் அவர் காலமானார். அவ்வார்டின் தலைமைத் தாதியான ம்பாலு ஃபொன்னி அம்மையாரும் அதே மாதத்தில் உயிர் நீத்தார். அந்த ஒரே ஆஸ்பத்திரியில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட ஊழியர்கள் மாண்டனர்.

கண்ணாடி உடையின் கிழிசலைக் காட்டும். ஒரே தாதி எத்தனை படுக்கைகளுக்கு ஓடுகிறார், எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை, கொதிக்கும் வெயிலில் அந்த ரப்பர் உடைக்குள் எப்படி வேகிறார் என்பதையெல்லாம் அது காட்டாது. உடையை அணியும்போது வரும் ஆபத்தைவிடக் களையும்போது வரும் ஆபத்தே பெரிது என்பர். களைத்துப்போன கைதான் களையும்போது தவறு செய்யும். 2014 ஆகஸ்டு இறுதியில் அவ்வாஸ்பத்திரியின் இபோலா பகுதி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படிப்பணம் வரவில்லை, சாதனங்கள் இல்லை என்பது அவர்கள் முறையீடு. நோயாளியைத் தூக்கவும் பிணத்தைத் தூக்கவும் அங்கே இருந்தது உடைந்துபோன ஒரே ஒரு தூக்குக் கட்டில்தான்.

நோயாளி கிடக்க வேலைநிறுத்தமா என்று முகம் சுளிப்போர் நம்மிலும் இருக்கக் கூடும். அவர்களுக்காகவே இதைச் சற்று ஆழமாகப் பார்ப்போம்.

தாதியின் முன்னே இருக்கும் ஆபத்து ஒன்றல்ல, இரண்டு. முதலாவது நோயிலேயே உள்ள ஆபத்து. எத்தனை உறை அணிந்தாலும் அது முற்றிலும் போகாது. கடலோடிக்குப் புயல் எப்படியோ, தாதிக்கு அது அப்படி. தொழிலை ஏற்றபோதே அதையும் ஏற்றுக்கொண்டார். இரண்டாவது, பிறருடைய கஞ்சத்தனத்தாலும் கவனக்குறைவாலும் வரும் ஆபத்து. ஓட்டைத் தோணியைக் கொடுத்து, கடலோடிக்குக் கடல்தானே தொழில் என்று தோணி முதலாளி சொன்னால் நாம் ஒப்புவோமா? புயலில் மூழ்கினால் அது விதி. ஓட்டையில் மூழ்கினால் அது முதலாளியின் கணக்கு. யாம்புக்குவில் 11 பேர் மாண்டது பெரும்பாலும் இரண்டாவது கணக்கில். கானின் மரணத்தில் எவ்வளவு முதலாவது, எவ்வளவு இரண்டாவது என்று நம்மால் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே குவியலாகக் குவித்து, அதன் மேல் தியாகம் என்ற மலரைத் தூவிவிடுவது நேர்மையன்று. தியாகம் என்பது ஒருவர் தாமாகக் கொடுப்பது. அவரிடமிருந்து கேளாமல் எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஆகவே, கையுறையில்லாத தாதி தொட வேண்டுமா என்ற கேள்வியே தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது என்பது நம் கருத்து. அவர் தொட்டால் அது பெருந்தன்மை. தொடாவிட்டால் அவரைக் குற்றவாளியாக்க நமக்கு உரிமையில்லை. கையுறை ஏன் அங்கே இல்லை என்று கேட்க வேண்டிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள்.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படிதானே நடக்கும், உறையும் உடையும் எதற்கு என்று சொல்லும் வெகுளிகளுக்கு ஒரு வார்த்தை. ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய செய்தி வழியிலேயே எட்டியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கலந்தாலோசித்து, படையினருடன் அவ்வூருக்குள் நுழையாமல் மதீனாவுக்குத் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் படையினரை விட்டுப் பிரிய மனமின்றி அங்கேயே தங்கி, கி.பி. 639இல் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். திரும்பியவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை. தங்கியவரை யாரும் மூடர் என்று சொல்லவில்லை. தப்பிக்க வழியிருந்தும் அதைத் தேடாமல் பிறரைச் சாகவிட்டுவிட்டு விதியின் மேல் பழி போடுவதற்கு இந்த வரலாற்றில் இடமே இல்லை.

ஏழை நாடு, பணமில்லை என்பது அடுத்த சமாதானம். இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2015இல் வெளியிட்ட அறிக்கை 54 நாடுகளின் மருத்துவ நிலையங்களை ஆராய்ந்தது. நூற்றுக்கு 38 இடங்களில் நல்ல தண்ணீர் வசதி இல்லை. நூற்றுக்கு 35 இடங்களில் கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இல்லை. சவர்க்காரம்! இதை வாங்க முடியாத அளவுக்கு எந்த அரசாங்கமும் ஏழையாக இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இல்லாதது பணத்தைவிட ஒழுங்கு. சியரா லியோனின் கணக்காய்வுத் துறையே 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, இபோலாவுக்கென்று வந்து முந்திய ஆண்டில் செலவான பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிய ரசீதும் ஆதாரமும் இல்லை என்று காட்டியது. பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தன் சொந்த வீட்டுக் கணக்கை ஊரறிய வெளியிட்ட அத்துறையின் துணிவையும் பாராட்ட வேண்டும். பணக்கார நாடுகள் பலவற்றில் அத்துணிவைக் காணோம்.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் உள்ள மலேசியா உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து கொடுக்கும் நாடு. நம் முன்னோர் காலத்தில் தமிழர் கைகள் பால்மரம் சீவிய மண் அது. 2014 செப்டம்பரில் இபோலா பரவிய நாடுகளுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கையுறைகளை அனுப்புவதாக மலேசியா அறிவித்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுவோம். அதோடு வியாபாரிக்குரிய மனக்கணக்கு ஒன்றும் போட்டுப் பார்ப்போம். ஒரு வார்டில் 20 படுக்கை. ஒரு படுக்கையை எல்லா ஊழியரும் சேர்ந்து நாளுக்குப் பத்து முறை தொடுவதாக வையுங்கள். இபோலாவுக்கு ஒரு முறைக்கு இரட்டை உறை, அதாவது நான்கு கையுறை. நாளொன்றுக்கு 800. நூறு வார்டுகளுக்கு 80,000. 2 கோடி எத்தனை நாளைக்கு வரும்? 250 நாள், சுமார் எட்டு மாதம். ஒன்பதாவது மாதத்துக்கு யார் பொறுப்பு? பத்தாண்டுக்கு ஒருமுறை வந்து ஒரு கொள்கலன் வாங்கும் வாடிக்கையாளரை நம்பி எவரும் கடை திறப்பதில்லை. பத்திரிகைச் செய்தியை நம்பி ஆஸ்பத்திரியும் நடக்காது.

தவிர, நோயின் பெயர் தெரிந்தபின் வந்து சேரும் கையுறையால் பாதிப் பயன்தான். 1998-99இல் மலேசியாவில் 105 உயிர்களைக் கொண்டுபோன நிப்பா நோய், நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரைத் தாங்கியது. அதே நோய் 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டு வட்டாரத்தில் தலை காட்டியது. பேராம்பிரா அரசு ஆஸ்பத்திரியில் லினி புதுசேரி என்ற இளம் தாதி ஒரு காய்ச்சல்காரருக்குப் பணிவிடை செய்தார். அது என்ன காய்ச்சல் என்று அப்போது எவருக்கும் தெரியாது. நிப்பா என்று தெரிந்த வேளையில் லினி அதே நோயில் விழுந்திருந்தார்; 2018 மே 21 அன்று இரண்டு சிறு குழந்தைகளை விட்டு மறைந்தார். இன்னது என்று அறியாத காய்ச்சல்தான் மிகவும் ஆபத்தானது. ஆகையால் எந்த நோயாளியானாலும், எந்த நாளானாலும், இரத்தமோ உடல்நீரோ கையில் படக்கூடிய வேலைக்குக் கையுறை வேண்டும் என்பதே வைத்திய சாஸ்திரம் சொல்லும் முறை. ஊர் அறிந்த கொள்ளைநோய்க்கு மட்டும் என்று வைத்தால், முதல் தாதி செத்துத்தான் நமக்குச் செய்தி சொல்ல வேண்டியிருக்கும்.

இருக்கும் உறைகள் போதாதபோது யாருக்கு முதலில் கொடுப்பது? பதவிப்படி கொடுப்பதே பல இடங்களில் வழக்கம். 2014 தொடக்கத்திலிருந்து 2015 மார்ச் வரை கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் இபோலா கண்ட 815 ஊழியர்களை உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுத்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாதியரும் உதவித் தாதியரும். டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் நூற்றுக்கு 12 பேர். முடிவு தெரிந்தவர்களில் மூன்றில் இருவர் இறந்துபோயினர். நோய் பதவி பார்த்து வருவதில்லை. யார் அதிக நேரம் கிட்ட இருக்கிறாரோ அவரிடம் வருகிறது. அந்த வரிசையிலேயே உறையும் போக வேண்டும்.

அந்த வரிசையின் கோடியில் நிற்பவரை நாம் பார்ப்பதே இல்லை: துப்புரவுத் தொழிலாளி. போட்டு முடித்த ஊசியைத் திறந்த குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு டாக்டர் போய்விடுவார். தொட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிச் செல்பவர் இவர். உலகெங்கும் ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் சுகாதார ஊழியர்களுக்குக் கிருமியுள்ள ஊசி குத்துகிறது என்று 2002இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஈரலைத் தின்னும் ஹெப்படைடிஸ் பி நோய் அவ்வழியே வருகிறது. அதற்குத் தடுப்பூசி 1980களிலிருந்தே உண்டு. மூன்று முறை போட்டால் போதும். ஊசிகளைப் போட்டு மூடக் கெட்டியான அட்டைப் பெட்டி இருந்தாலே பாதி ஆபத்து குறையும். அட்டைப் பெட்டிதான்! நம் கிடங்குகளில் மூலைக்கு மூலை கிடக்கும் பொருள்.

இறந்தவரைக் கடைசியாகத் தொடுபவரும் இவ்வரிசையில் சேர்ந்தவரே. மையித்தைக் குளிப்பாட்டும்போது இபோலா பரவுகிறது என்பதால், 2014இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அடக்க முறையில், முஸ்லிம் மையித்துக்குத் தண்ணீருக்குப் பதிலாகத் தயம்மும் செய்ய வழி சொல்லப்பட்டது. உயிரோடிருப்பவரைக் காப்பதற்காக மார்க்கம் வளைந்து கொடுத்தது. வளையாதது சம்பளப் பட்டுவாடா! 2014 நவம்பரில் கெனிமாவின் அடக்கப் பணியாளர்கள், வாரக்கணக்கில் படிப்பணம் வராத ஆத்திரத்தில், பிணங்களைத் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். செய்தது அருவருப்பான செயல்தான். நாம் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. கூலி விஷயத்தில் நம் மார்க்கம் காட்டும் கண்டிப்பை அறிந்தவர்கள், முதல் குற்றம் எங்கே தொடங்கியது என்பதையும் அறிவார்கள்.

நம் இனத்தாரின் பக்கம் வருவோம். 2020 மார்ச் மாதத் தொடக்கத்தில், கோவிட் நோய் பரவத் தொடங்கிய சில வாரங்களுக்குள், முகக்கவசத்தின் விலை ஆறு மடங்காயிற்று. நுண்கிருமி வடிக்கும் உயர்தரக் கவசம் மும்மடங்கு. மேலங்கி இரு மடங்கு. இதையும் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. தட்டுப்பாட்டில் விலை ஏறுவது சந்தையின் இயல்பு என்பதை நாம் மறுக்கவில்லை. ஏறும் என்று தெரிந்து வாங்கி அடுக்கிப் பூட்டி வைத்தல் வேறு. அரிசியையும் கோதுமையையும் பதுக்குவது பாவம் என்று மேடையில் பேசும் நாம், கவசத்தைப் பதுக்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று பேசியதுண்டா? பசித்தவன் ஒரு வேளை பொறுப்பான். வார்டுக்குள் போகும் தாதிக்குப் பொறுக்க நேரமில்லை. அதே ஆண்டு நவம்பரில், உலகத்தின் கைகளைக் காக்கக் கையுறை செய்துகொண்டிருந்த மலேசியத் தொழிற்சாலைத் தொழிலாளிகள், நெருக்கியடித்த விடுதிகளில் ஆயிரக்கணக்கில் நோய்வாய்ப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஒரு காலத்தில் நம்மவர்கள் வந்ததைப் போல. மலிவான கையுறையின் விலையை யாரோ ஒருவர் எங்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தர்மம் செய்வதில் நம் வியாபாரிகள் சளைத்தவர்கள் அல்லர். ஊரில் மதரஸாவா, மருந்தகமா, பிரசவ விடுதியா, இங்கிருந்து பணம் போகிறது. கட்டிடம் எழும்புகிறது, வாசலில் பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்கிறோம். ஆம்புலன்ஸ் வாங்கித் தந்தால் அதன் பக்கவாட்டிலும் பெயர் எழுதலாம். கையுறையில் எதை எழுதுவது? ஒரு முறை போட்டுக் கழற்றி எரித்துவிடும் பொருளுக்குக் கல்வெட்டு இல்லை. அதனால்தானோ என்னவோ, கட்டிடம் கொடுக்க பத்துப் பேர் முன்வரும் இடத்தில் மாதாந்தர உறைச் செலவுக்கு ஒருவரும் பெயர் கொடுப்பதில்லை.

அடுத்த முறை ஊர் ஜமாஅத்திலிருந்து மருந்தகத்துக்கு நன்கொடைப் பட்டியல் வரும்போது, கட்டிட வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுச் சில விவரங்கள் கேட்கலாம். மாதம் எத்தனை பெட்டி கையுறை செலவாகிறது? சென்ற மாதக் கடைசியில் எத்தனை மிச்சம்? இருப்புக் கணக்கை யார் எழுதுகிறார்? தாதி கை கழுவும் தொட்டியில் பிற்பகலிலும் தண்ணீர் வருகிறதா? கூட்டும் அம்மாளுக்கு ரப்பர் செருப்பு உண்டா, அந்த மூன்று தடுப்பூசியும் போட்டாயிற்றா? விவரம் வந்தபின், எந்தக் கட்டத்துக்கு நேரே தம் பெயரை எழுதுவது என்று அவரவர் தீர்மானிக்கட்டும்.